உப்புத்தாள்

முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொள்கிற வயது நமக்கு வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பன்னிரண்டு வயதில், மஃரிப் தொழுதுவிட்டு அதே பாயில் உட்கார்ந்து, ஒரு பியானோவின் கம்பி அறுந்துபோக வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கேட்டு விட்டுவிடவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் கேட்டேன்.

ஏற்காடு கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு ஒரு கடை. பலகையில் ஹார்டுவேர் என்று எழுதியிருந்தாலும் அந்தக் காலத்தில் மலையில் ஒரே கடைக்குள் எல்லாம் இருக்க வேண்டும். ஆணி, தாழ்ப்பாள், வாளி, கயிறு, மண்ணெண்ணெய், காப்பிச் செடி வெட்டுகிற கத்தரி, கண்ணாடி பாட்டிலில் தேன் மிட்டாய், வாசலில் கல்லுப்பு மூட்டை. மழை பிடித்துவிட்டால் உப்பு மூட்டை தானாக அழும். கசிகிற தண்ணீர் படியில் ஓடாமல் இருக்க, சிமெண்டு மூட்டையின் காக்கித் தாளை மடித்து அடியில் விரித்திருப்பார் அத்தா. அது உப்புத் தண்ணீரைக் குடித்து, காய்ந்து, மறுபடி குடித்து, அப்பளம் மாதிரி விறைத்துச் சொரசொரவென்று கிடக்கும். இந்தத் தாளை மறந்துவிடாதீர்கள்.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரைட்டர் மகள். கிளியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் அவளுடைய அப்பா. அவர்கள் வீட்டில் ஜன்னலுக்குத் திரை உண்டு. பாதிப் பேச்சு இங்கிலீஷில் நடக்கும். நாங்கள் சீப்பு என்று சொல்வதை அவள் கோம் என்பாள். வெள்ளிக்கிழமை என் டப்பாவிலிருக்கும் நெய்ச்சோறு அவளுக்கு, அவள் டப்பாவிலிருக்கும் கேக்குத் துண்டு எனக்கு. அவ்வளவு ஒட்டுதலாகத்தான் இருந்தோம், அந்தப் பெட்டி நடுவில் வருகிற வரைக்கும்.

பெட்டி என்று அதைச் சொல்வது எங்கள் வீட்டில்தான். பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் ஒரு கறுப்புப் பியானோ இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனதாம். ஹாலுக்குள் மஞ்சு மூட்டம் வந்தால் அதன் மூடி மேல் நீர் பூத்துவிடும். அதில் விரலால் எங்கள் பெயரை எழுதுவோம். மூடியைத் திறந்தால் கற்பூரமும் எலியும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் யாராவது பழைய பீரோவைத் திறந்தால் எனக்கு அந்த ஹால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மியூசிக் மிஸ் ஒரு ஆங்கிலோ இந்தியக்காரம்மா. வயதானவர். விரல் முட்டியெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கும். தமிழில் வா, போ, உட்கார் தெரியும், எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொருத்தியின் கட்டை விரலையும் சுண்டு விரலையும் பிடித்து அகலமாக விரித்துப் பார்த்தார். ரைட்டர் மகளுடைய கை பியானோவில் எட்டு வெள்ளைக் கட்டைக்கு எட்டும். என்னுடையது அரை விரல் குறைந்தது. என் கையில் மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. மிஸ் என் கையைக் கீழே வைத்தார். மெதுவாக வைத்தார். தட்டிவிட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. நானும் கற்றுக்கொள்கிறேன் என்று அத்தாவிடம் போய் நின்றேன். "நமக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்? ஓதறதுக்கு உனக்கு நல்ல தொண்டை குடுத்திருக்கான்ல அல்லா, அது போதும்" என்றார். மார்க்கத்துக்கு ஆகாது என்றுதான் மறுக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கன்னியாஸ்திரீகளிடம் போய்ப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

ரைட்டர் மகள் வாசித்தாள். நான் ஹாலுக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடம் இப்படியே போனது. ஏழாம் வகுப்புக்கு நாங்கள் போகவிருந்த கோடையில் அந்தப் பேச்சு வந்தது. டிசம்பர் விழாவுக்கு எஸ்டேட் துரைசானி வருகிறார், ரைட்டர் மகள் வாசிப்பதைக் கேட்கப் போகிறார், பிடித்துப்போனால் அவளை ஊட்டியில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துத் தானே படிக்க வைக்கப் போகிறார். பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை, ரைட்டர் சம்பளத்தில் என்ன முடியுமோ அதுதான். கடைவீதியில் ஒவ்வொரு கடையிலும் ரைட்டர் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்கினார். எங்கள் கடையிலும் சொன்னார். அத்தா மாஷா அல்லாஹ் என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் பியானோக்காரர் வந்தார். வருடத்துக்கு ஒரு தடவை மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து அந்தப் பியானோவைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர். மெலிந்த ஆள், காதில் பென்சில். நேராக எங்கள் கடைக்கு வந்து, "பாய், உப்புத்தாள் இருக்கா? நைஸ் வேணாம், நடுத்தரமா குடுங்க" என்றார்.

அத்தா எடுத்துக் கொடுத்தபடியே, "ஏனுங்க, பெட்டியைத் தேச்சு பாலீஷ் போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

"தேய்க்க இல்ல பாய். செருக."

அத்தாவுக்குப் புது வேலை எதைப் பார்த்தாலும் ஆசை. உட்காருங்க என்று ஸ்டூலைப் போட்டார். பியானோக்காரரும் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு கம்பியும் ஒரு இரும்பு ஆணியில் சுற்றியிருக்கிறது. அந்த ஆணி ஒரு கனத்த பலகையில் துளைக்குள் நிற்கிறது. இந்த மலையில் பாதி வருடம் ஈரம், பாதி வருடம் காய்ச்சல். பலகை ஊதி ஊதிச் சுருங்கும்போது துளை அகன்றுவிடுகிறது. ஆணிக்குப் பிடிமானம் போய்விடும். அதற்கென்று உள்ள சாவி போட்டு முறுக்கினால் கையை எடுத்ததும் திரும்பிவிடும். கம்பி தொய்யும், ஸ்வரம் இறங்கும். அதற்கு என்னென்ன வைத்தியம் என்று கடைப் பலகை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆணி கிறீச்சிட்டு வழுக்கினால் சாக்குக்கட்டித் தூள். கொஞ்சம் தளர்ந்தால் ஒரு துண்டு அட்டை. ரொம்பவும் தளர்ந்தால் உப்புத்தாள். துளையே வாயைப் பிளந்துவிட்டால் மெல்லிசு மரச்சீவலை வஜ்ஜிரம் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு சைஸ் தடித்த ஆணி.

"எண்ணெய் மட்டும் விடக்கூடாது பாய். ஒரு வீட்ல விளக்கெண்ணெய் ஊத்தி வெச்சிருந்தாங்க. ஆணியெல்லாம் கையாலயே வந்துடுச்சு."

"கதவுக் கீலுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் அத்தா.

உப்புத்தாளை எப்படி வைப்பது என்பதையும் பியானோக்காரர் காட்டினார். நகம் அகலத்துக்கு ஒரு கீற்று. சொரசொரப்பு மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும், வழுவழுப்பு ஆணியைப் பார்த்து. துளைக்குள் விட்டு ஆணியை மேலே வைத்துத் தட்டினால் கவ்விக்கொள்ளும். நான் ஆணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் கேட்டேன். எனக்கு எதற்கு அது? ஆனாலும் கேட்டேன். அந்தப் பெட்டியைப் பற்றி ரைட்டர் மகளுக்குத் தெரியாதது ஒன்றாவது எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று.

இரண்டு நாள் வேலை செய்துவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது மழைக்காலத்தில் ஒன்றிரண்டு ஆணி நழுவும் என்று சொல்லி, பழைய சாவி ஒன்றையும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு சீட்டையும் மியூசிக் மிஸ்ஸிடம் கொடுத்தாராம். சீட்டு தமிழில் இருந்தது. அவருக்கு எழுத வந்தது அதுதான்.

சொன்னது போலவே நடந்தது. ஆடி மழையில் இடது கைப் பக்கம் அடித்தொண்டைக் கட்டை ஒன்று கெட்டது. மற்றக் கட்டைகளுக்கு இரண்டு மூன்று கம்பி இருக்கும், இதற்குச் செம்பு சுற்றிய தடித்த கம்பி ஒன்றே ஒன்று. விழாவுக்கு அவள் பழகிய பாட்டில் ஒவ்வொரு வரியும் கடைசியில் அந்தக் கட்டையில்தான் வந்து உட்காரும். டும் என்று கேட்க வேண்டியது, மாடு கொட்டாவி விடுவதுபோல இழுத்துக்கொண்டு இறங்கியது. மிஸ் சாவி போட்டு முறுக்குவார், ஆணி திரும்பிவிடும். ஜன்னலுக்கு வெளியே எனக்கு ஈத் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அத்தா ஜும்மாவுக்குப் போவார். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடி வந்து கடையைப் பார்த்துக்கொள்வேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ரைட்டர் மகள் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏன்டி, உப்புத்தாள்னா என்னது?"

என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் ஏழெட்டுத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் சேண்ட் பேப்பர். அவள் சேண்ட் பேப்பர் என்று கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. தமிழில் அது என்ன என்று என்னிடம் கேட்டாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நாக்கு நீண்டது.

"உப்பு ஏறுன தாளு" என்றேன். "மூட்டைக்கு அடியில இருக்கும்."

"பியானோவுக்கு எதுக்குடி உப்பு?"

"கண்ணு பட்டிருக்குல்ல. ஊரே உன்னையும் அந்தப் பெட்டியையும்தான பாத்துட்டு இருக்குது."

அவள் சிரிக்கவில்லை, நம்பினாள். நான் வாசலுக்குப் போய் மூட்டையைச் சாய்த்து, அந்தக் காக்கித் தாளில் ஒரு முழத்தைக் கிழித்துக் கொடுத்தேன். நுனியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நொம்ப தேங்க்ஸ்டி என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் கடையிலிருந்து சுத்தியும் டார்ச்சும் வேண்டுமாம். மிஸ்ஸின் விரல் மடங்காது, அதனால் ரைட்டர் மகள்தான் செய்ய வேண்டும். அவள் சீட்டைப் படித்துப் படித்து இங்கிலீஷில் சொன்னாள். உப்புத்தாள் என்று வந்த இடத்தில் "சால்ட் பேப்பர், மிஸ்" என்றாள். மிஸ் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் மிஸ் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு ரைட்டர் மகளே எனக்குச் சொன்னாள். ஆயாக்கள் பிள்ளைகளின் தலையைச் சுற்றி அடுப்பில் உப்புப் போடுவதை மிஸ் இந்த மலைக்கு வந்ததிலிருந்து பார்க்கிறாராம், இந்த ஊரில் உப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்றாராம். சேண்ட் பேப்பர் என்று சொன்னால் அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கும். உப்புத்தாள் என்றால் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அந்த ஹாலில் நான் ஒருத்திதான் இருந்தேன். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முன்பலகையைக் கழற்றினார்கள். அன்றைக்குத்தான் அதன் உள்ளே பார்த்தேன். எத்தனை கம்பி. ஒரு பக்கம் முடி மாதிரி மெல்லிசு, போகப் போகத் தடித்து, இந்த ஓரத்தில் செம்பு மினுங்குகிறது. சிவப்புக் கம்பளித் துணி. வரிசை வரிசையாக ஆணி. யாரும் பார்க்காதபோது ஒரு தடித்த கம்பியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. இதை வாசிக்கக் கொடுத்து வைத்தவள் அவள், வெளிச்சம் பிடிக்கக் கொடுத்து வைத்தவள் நான்.

கம்பியைத் தளர்த்தி, ஆணியைத் திருகி எடுத்து, என் தாளில் ஒரு கீற்றைச் சுருட்டித் துளைக்குள் விட்டு, ஆணியை வைத்துத் தட்டினாள். கம்பியைச் சுற்றி சாவி போட்டு முறுக்கினாள். இதோ திரும்பப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை எடுத்தாள். நின்றது. கட்டையை அழுத்தினாள்.

டும்.

பாதம் வழியாக ஏறியது அந்தச் சத்தம். மிஸ் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். டார்ச்சை அணைக்கச் சொல்லி என்னிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தாளின் கனமே போதுமாக இருந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? எந்தக் கேட்டை நினைத்துக் கொடுத்தேனோ அதுவே அவளுக்கு நல்லதாகப் போனது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மழையில் நனைந்தது என்று அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ரைட்டர் மகள் குடையில்லாமல் கடைக்கு ஓடி வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்க, அத்தாவின் முன்னால் போய் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தா எழுந்துவிட்டார்.

"வா சாமி, வா. நம்ம கடைத் தாளுதான் பியானோவக் காப்பாத்துச்சாமே, உங்கப்பா வந்து சொன்னாரு. எம்புள்ளதான் எடுத்துக் குடுத்தாளாம். அவளுக்கு உம்மேல அத்தனை பிரியம்."

சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து அவள் இரண்டு கையிலும் தேன் மிட்டாயை அள்ளிப் போட்டார். அவள் மிட்டாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வரேனுங்க மாமா" என்று போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டில் வாடிக்கைக்காரர் பிள்ளைகளுக்கு, நீ தொடக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தவர் அத்தா. எனக்கு ஒன்று கொடுத்தால் அதுவே பெரிசு. இவளுக்கு இரண்டு கை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனி நம்மோடு எதற்குப் பேசுவாள் என்று நானும் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்ததும் டப்பாவை நகர்த்தி வைத்தாள், நெய்ச்சோற்றை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் துஆ கேட்க ஆரம்பித்தேன். யா அல்லா, அந்தக் கம்பி அறுந்து போகட்டும். விழாவன்றைக்கே அறுந்து போகட்டும், துரைசானி முன்னால் அறுந்து போகட்டும். நேரம் போவது தெரியாமல் கையேந்தி உட்கார்ந்திருப்பேன். அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப்போய், பக்கத்து வீட்டு மாமியிடம், "பன்னெண்டு வயசுப் புள்ளைங்க, எத்தன நேரம் துஆக் கேக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் பெருநாளைக்கு எனக்கு இரண்டு தாவணி கிடைத்தது.

ஐப்பசி அடைமழை, கார்த்திகைக் குளிர், எதற்கும் அந்தக் கட்டை இறங்கவில்லை. பியானோக்காரர் பார்த்துப் பார்த்துச் செருகிய ஆணிகளில்கூட இரண்டு நழுவியது. என் தாள் மட்டும் நின்றது.

டிசம்பர் விழாவுக்கு அத்தாவையும் கூப்பிட்டார்கள், அந்தத் தாளுக்காக. வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். முன்வரிசையில் துரைசானி, மடியில் கம்பளிக் கையுறை. ரைட்டர் மகள் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டும். இப்போது அறும். டும். அடுத்ததில் அறும். கடைசி வரி வந்தது. அவள் இடது கை மெதுவாக இறங்கியது. டும் என்று அது ஹால் முழுக்க உட்கார்ந்து, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அத்தா என் காதில், "நம்ம தாளு, கேட்டியா" என்றார்.

துரைசானி அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார். ரைட்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மியூசிக் மிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "பாய், பேப்பர் நல்லா" என்றார். அத்தா நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பெருமையாக நின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமை ஒரு பொய்யில் நிற்கிறது என்று தெரிந்த நான் பக்கத்தில் நின்றேன்.

மறுவருடம் மே மாதம் பியானோக்காரர் வந்தார். அந்த ஆணிக்குச் சாவி போட்டால் அசையவில்லையாம். உடம்பைக் கொடுத்து முறுக்கியதும் கம்பி ஆணியின் கழுத்தில் பட்டென்று அறுந்துவிட்டது. குறடால் ஆணியைப் பிடுங்கினால் செங்கல் மாதிரித் துரு, அதோடு ஒட்டிக்கொண்டு தாள். அதைக் கைக்குட்டையில் வைத்துக் கடைக்கு எடுத்துவந்தார். பின்னால் மிஸ், அவருக்குப் பின்னால் ரைட்டர் மகள். பியானோக்காரர் தாளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாய், இது என்னா தாளு?" என்று கேட்டார்.

அத்தா கையில் வாங்கிப் பார்த்தார். காக்கியும் உப்பும். தன் வாசலில் கிடப்பது அவருக்குத் தெரியாதா? முகம் வெளுத்துவிட்டது. கேட்ட சாமான் ஒன்று, கொடுத்த சாமான் ஒன்று என்று அவர் கடையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. "எங்கடைத் தாளுதானுங்க" என்றார் குரல் இறங்கி. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவ குடுத்தது வேற தாளு, இது நானா எடுத்துட்டுப் போனதுங்க மாமா" என்றாள் ரைட்டர் மகள். "உப்புத்தாள்னா உப்பு மூட்டைத் தாளுன்னு நெனச்சுட்டேனுங்க. அவ இல்ல."

பியானோக்காரர்தான் முதலில் சிரித்தார். உப்பு ஈரத்தை இழுத்து, ஈரம் இரும்பைத் துருவாக்கி, துரு ஊதித் துளையைக் கவ்விக்கொண்டது, அதுதான் அத்தனை மாதம் நின்றிருக்கிறது, அதே துருதான் கம்பியையும் தின்றுவிட்டது என்று விளக்கினார். அத்தாவுக்கு உயிர் வந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிளகு விற்க வந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்த தலைச்சோலை ஊர்க்காரர் ஒருவர், "பியானோவையே ஊறுகாய் போட்ருச்சுங்க புள்ள" என்றார். பொழுது சாய்வதற்குள் அது கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. ஊறுகாய், ஊறுகாய் என்று அவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். இங்கிலீஷ் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு உப்புத்தாள் தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வாரம்தான் எனக்கு அவள் மேல் பொறாமையே இல்லை.

ஜூனில் அவள் ஊட்டிக்குக் கிளம்பினாள். என்னை எட்டாவதோடு நிறுத்தப் போகிறார்கள் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. போவதற்கு முந்தின நாள் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கடைக்கு வந்தாள். அத்தா யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் பூட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒரு உப்புத்தாள் குடு. நடுத்தரம்."

எடுத்துக் கொடுத்தேன். அதை நேர் பாதியாக மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, கிழித்து, ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

"எனக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சுடி. எஸ்டேட் ஆசாரி கையில வெச்சுத் தேச்சுட்டு இருந்தாரு, பேரு கேட்டேன். உங்க அத்தாகிட்ட சொல்லத்தான் அன்னிக்கு மழையில ஓடியாந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவரு மிட்டாய் குடுத்துட்டாரு. உன்னையப் பெருமையா சொல்லிட்டு இருந்தாரு. ரெண்டு கையிலயும் வாங்கிட்டு எப்படிடி சொல்றது?"

தராசுக்குப் பின்னாலிருந்து அத்தா, "ரைட்டர் புள்ளைக்கு இன்னும் என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டார். "எல்லாம் வாங்கிட்டேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். உப்பு மூட்டையைத் தாண்டும்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊட்டியிலிருந்து இரண்டு கடிதம் போட்டாள். பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு முதல் வரியே வரவில்லை. எங்கேயோ பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது இருக்கிறாளா என்று தெரியாது. அத்தாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவர் மௌத்தாகிற வரைக்கும் அந்த ஊறுகாய்க் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதித் தாளை அம்மாவுடைய கம்மல் இருந்த தகர டப்பாவில் வைத்திருந்தேன். போன மழைக்கு என் வீட்டுக்காரர் எதையோ தேடப்போய் அதை எடுத்து, ஜன்னல் கொக்கியில் இருந்த துருவைத் தேய்த்துவிட்டார். மண்ணெல்லாம் உதிர்த்து வெறும் தாளாக்கிக் கொண்டுவந்து காட்டினார்.

"பழைய காலத்துத் தாளு, நல்லா வேலை செஞ்சுது. இன்னொன்னு இருந்தா எடு, அடுத்த ஜன்னலும் இருக்குது."

இன்னொரு பாதி அவளிடம் இருக்கிறது என்று சொல்ல வந்து, இல்லைங்க என்றேன்.

விரலுக்காகப் பட்ட பொறாமை என் பிள்ளைகள் பிறந்தபோது போய்விட்டது. ஊட்டிக்காகப் பட்டது அவர்கள் படித்து முடித்தபோது போனது. ஒன்று மட்டும் போகவில்லை. என் அத்தாவின் முகத்தைப் பார்த்து, வாய்வரை வந்ததை மிட்டாயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு நனைந்தபடி திரும்பிப் போனாளே, அந்த மனசு. அதைப் பார்த்து இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கேட்காத அவளுக்கு அல்லாஹ் அதைக் கொடுத்தான். எனக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை, கம்பியைத்தான் கேட்டேன்.

இப்போதெல்லாம் தொழுகைக்குக் கீழே உட்கார முடிவதில்லை, நாற்காலிதான். தொழுது முடித்துக் கையேந்தினால் முதலில் அவள் பெயரைச் சொல்கிறேன். எங்கே இருந்தாலும் அவள் விரல் மடங்காமல் போய்விடக் கூடாது என்று கேட்கிறேன். என் முழங்கால் அதற்கு அப்புறம்தான்.